கேட்டுவிட்டுப் போன வீடு

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் அலுவலகப் பிள்ளைகள் என்னை விடுவதில்லை. திருநங்கைகளுக்கும், ஆணை விரும்பும் ஆண்களுக்கும், பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் உரிமை கேட்கும் ஓர் அமைப்பில், சென்னையில், நிர்வாகம் பார்த்து ஓய்ந்தவள் நான். அங்கே இப்போது கல்லூரிகளிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். விழாவுக்கு மண்டபம் பிடிப்பது, பேனர் அடிப்பது, போலீஸ் அனுமதிக்கு அலைவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போதுமா என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுக்கிறோம். போன மாதம் அப்படி வந்த ஒரு பெண், சாம்பார் வாளியைத் தூக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டே, "மேடம், நீங்க எங்க இன்டர்ன்ஷிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். தென்காசியில் என்றேன். சிரித்துவிட்டாள். எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் இப்படி ஓர் இடம் இருந்திருக்கும் என்று அவளால் நம்ப முடியவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் கோபம் போய் அழுகைதான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் தேறி, சுருக்கெழுத்தில் இரண்டு முறை கோட்டை விட்டேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்குக் கல்யாணத்தில் மனம் இல்லை. மனம் போன இடம் வேறு. டைப் வகுப்பில் எனக்கு அடுத்த மிஷினில் அடித்துக்கொண்டிருந்தவள் அவள். பெயர் இங்கே வேண்டாம், இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஒரு வேலை என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாமே என்று தென்காசி முழுக்க ஏறி இறங்கினேன். சம்பளம் இல்லாவிட்டாலும் சரி, வேலை பழகிக்கொள்கிறேன் என்றுதான் எல்லா வாசலிலும் கேட்டேன்.

ஒரு மாவு மில்லின் மாடியில் சமையல் தொழிலாளர் சங்கம் என்று போர்டு தொங்கியது. படியேறினேன். கீழே மில் ஓடினால் மாடித் தரையே அதிரும். பாய் விரித்து உட்கார்ந்து உள்ளி, சின்ன வெங்காயம்தான், உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேலை கட்டியிருந்தார்கள், பூ வைத்திருந்தார்கள். பேச்சு மட்டும் கட்டைக் குரலில் இருந்தது. திருநங்கை என்ற சொல் அன்றைக்குக் கிடையாது. ஊர் அவர்களைக் கூப்பிட்ட சொற்களை எழுத எனக்குக் கை வராது. தங்களுக்குள் 'நம்ம பிள்ளைக' என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

சங்கத்தின் தலைவி சரசு அக்கா. கல்யாண வீட்டுச் சமையலில் கைராசிக்காரி. ஆள் உயரம், நடை நிதானம், வாய் மட்டும் நிற்காது.

"என்னட்டி, டைப்படிக்கத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எங்ககிட்ட மிஷினு கெடையாதே."

"பரவாயில்லக்கா."

"பொண்ணு பாக்க வந்தவுகளுக்குக் காப்பியக் குடுத்துட்டு ஓடியாந்தியாக்கும்?"

அக்கா உள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி, இரு. இங்கன உன்ன யாரும் அதக் கேக்க மாட்டாக" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அங்கே 'டைப்பு' என்று பெயர். மிஷினைத் தொடாமலே அந்தப் பெயர் கிடைத்தது எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கும்.

போர்டில் சமையல் என்று போட்டிருந்ததில் பொய் இல்லை. வீட்டிலிருந்து விரட்டப்பட்டு வரும் பிள்ளைகளைச் சரசு அக்கா தன் சமையல் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வாள். ஆனால் சங்கம் செய்தது அது மட்டுமில்லை. போலீஸ் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கும். பெரியாஸ்பத்திரியில் எந்த வார்டில் படுக்கை என்று தகராறு வந்தால் போய்ப் பேசும். ஆவணியில், சீசன் கூட்டம் வடிந்த பிறகு, சுற்றுப்பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் குற்றாலத்தில் ஒரு நாள் கூட்டும். அன்று காலையில் அருவிக் குளியல், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் யார் யாருக்கு என்ன கஷ்டம் என்று பேச்சு. அந்த நாளுக்கு மண்டபம் பிடிப்பதிலிருந்து இலை எண்ணி வாங்குவதுவரை என் பொறுப்பு. இன்றைக்கு அதைத்தான் ஈவன்ட் சப்போர்ட் என்கிறார்கள்.

சரசு அக்காவிடம் ஒரு கட்டளை உண்டு. எங்கே போவதாக இருந்தாலும் முதலில் ஆள் அனுப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு வாசலிலும் காலை வைக்கக் கூடாது. அக்கா சிறு வயதில் ஒரு கூட்டத்தோடு கேட்காமல் அருவிக்குக் குளிக்கப் போய், அடித்துத் துரத்தப்பட்டவள். முன்பல் ஒன்று அன்று போனது. ஆகவே இந்த விஷயத்தில் அவளிடம் யாரும் வாதாட முடியாது.

எப்படிக் கேட்பது என்பதற்கும் முறை வைத்திருந்தாள். முற்பகலில் போக வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் போகக் கூடாது. கையில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம். உட்காரச் சொல்லும்வரை உட்காரக் கூடாது. முதலில் வீட்டு ஆட்களின் சுகத்தை விசாரிக்க வேண்டும், பிறகு எத்தனை பேர் வருகிறோம், எப்போது போய்விடுவோம் என்று சொல்ல வேண்டும். 'அனுமதி' என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. "ஒரு எட்டு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அவர்கள் மாட்டேன் என்றால், "சரிங்க, சந்தோஷம்" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கேட்டு வாங்கிய பதில் எதுவானாலும் அதை மீறக் கூடாது. "நம்ம வாக்கு தவிர நம்மகிட்ட என்னட்டி இருக்கு?" என்பாள்.

வாசலுக்கு வாசல் கேட்டுவிட்டு வர அவளுக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள் என்பது எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. பிள்ளைகள் போய்க் கேட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள். பாவாடை தாவணியில் ஒரு வயசுப்பெண் போய் நின்றால் என்ன ஏது என்றாவது கேட்பார்கள். மண்டபத்துக் காவல்காரர், ஸ்டேஷன் ஏட்டையா, டீக்கடை அண்ணாச்சி என்று எல்லாரிடமும் தட்டோடு போய் நின்றிருக்கிறேன். ஏட்டையா எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே, "ஒங்க சங்கத்துல என்ன கொழம்பு நல்லாருக்கும்?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் பேசாமல் விட்டார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

பேரருவியில்தான் சங்கடம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளை நடைபாதை ஓரமாக நிற்க வைத்துவிட்டு நான் பெண்கள் பக்கம் போவேன். நனைந்துகொண்டே ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வேன். "எங்ககூட கொஞ்சம் பேரு வந்திருக்காக. மனசால பொம்பளைகதான். ஒரு ஓரமாக் குளிச்சுட்டுப் போயிருவாக." அருவி இரைச்சலில் இதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். சிலர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள். கடையநல்லூர்க்காரி ஒருத்தி, தலை நிறைய எண்ணெயோடு, "இதென்ன எங்க அப்பன் வீட்டு அருவியா? வரச் சொல்லு தாயி" என்றாள். அவள் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

கோமதியை நன்றாகப் பார்த்தது அந்த நாளில்தான். வடகரைக்காரி. வயலும் தென்னையும் உள்ள குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தவள். வீட்டில் வைத்த பெயரை எழுத மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. மீசை அரும்பும் வயசில் வீட்டை விட்டு வந்து சரசு அக்காவோடு சேர்ந்தவள். அதிர்ந்து பேச மாட்டாள். ரசத்துக்குத் தாளித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஜடை இடுப்புக்குக் கீழே தொங்கும்.

அவளுடைய அம்மா வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் குற்றாலத்துக்கு வருவாள். வீட்டில் ஏதோ நேர்ச்சை என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னக் குப்பியில் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு வருவாள். பாறையில் கோமதியை முன்னால் உட்கார வைத்து, ஜடையைப் பிரித்து, உச்சியில் எண்ணெயை வைத்துத் தட்டித் தட்டித் தேய்ப்பாள். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். "வத்தல் போட்டியா? மழைக்கு முந்தி எடுத்து வையி" என்பது போல ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். பிறகு இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய் அருவியில் நிற்பார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றால் கோமதியை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அடுத்த கார்த்திகையில் அந்த அம்மா இறந்துபோனாள். வடகரையிலிருந்து சந்தைக்குத் தேங்காய் கொண்டு வந்த வண்டிக்காரர், மில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். விடிகாலையில் உயிர் போயிருக்கிறது, சாயங்காலம் எடுக்கிறார்கள் என்றார். கோமதி அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கூடக் கழுவாமல் படியில் இறங்கிவிட்டாள். சரசு அக்கா பாதிப் படியில் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"விடுக்கா, நான் போணும்."

"போவலாம்ட்டி. ஆரும் தடுக்கல. மொதல்ல கேக்கணும்லா. கேக்காமப் போயி, வாசல்ல வச்சு நாலு பேரு உன்னப் புடிச்சுத் தள்ளுனா? ஆத்தா பொணத்துக்கு முன்னால அந்த அசிங்கம் வேணுமா உனக்கு?"

"அம்மாவக் குளிப்பாட்டணும்க்கா. அவளுக்கு வேற மக கெடையாது. எனக்கு எத்தன தடவ தேச்சு விட்டிருக்கா. நான் ஒரே ஒரு தடவ செய்யணும்."

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேதத்தைக் குளிப்பாட்டுவதற்கு வாய்க்காலிலோ கிணற்றிலோ போய்த் தண்ணீர் எடுத்து வருவதை நீர்மாலை என்போம். ஆணும் பெண்ணும் போவார்கள். ஆனால் இறந்தது பெண் என்றால், சுற்றிலும் சேலையால் மறைப்புக் கட்டி, உள்ளே பெண்கள் மட்டும் நின்று குளிப்பாட்டுவார்கள். மகன்கள் தண்ணீரை மறைப்புக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மகள்தான் தலைக்கு எண்ணெயும் சீயக்காயும் தேய்ப்பாள். கோமதி கேட்டது அந்த இடத்தை. அதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

என்னை வடகரைக்கு அனுப்பினார்கள். இழவு வீட்டுக்கு வெற்றிலைத் தட்டு ஆகாது என்று வெறுங்கையோடு போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழும் சத்தம். கோமதியின் அண்ணன் யார் என்று விசாரித்துத் தனியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப் போனார். மெலிந்த, பயந்த மனிதர். சுகம் விசாரிக்கிற வீடு இல்லையே, அதனால் நேரே விஷயத்துக்கு வந்தேன். உங்கள் தங்கை வர ஆசைப்படுகிறாள், அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவாள் என்றேன். தங்கை என்ற சொல்லில் அவர் முகம் சுருங்கியது. 'இருங்க' என்று பந்தலுக்குப் போய்ப் பெரியவர்களிடம் குனிந்து பேசினார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து சொன்னார். "அம்மாவுக்கு எளையவந்தான் கொள்ளி வைக்கணும். அதான் மொற. வரட்டும். ஆனா முடிய வெட்டிட்டு, வேட்டி கட்டிக்கிட்டு, தம்பியா வரட்டும். சேலையோட வந்தா பெரியாளுக எந்திரிச்சுப் போயிருவாக. நான் என்ன தாயி செய்ய? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு." அவர் கண் கலங்கியிருந்தது. சண்டை போட்டிருந்தாலாவது நான் ஏதாவது பேசியிருப்பேன். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மில் மாடியில் அதைச் சொன்னேன். சரசு அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "போவாத. இங்கனயே தலைமுழுகிருவோம். நாங்க எல்லாரும் உன்கூட முழுகுதோம்." கோமதி என்னைப் பார்த்துக் கேட்டாள், "மொகம் பாக்க விடுவாகளா?"

"விடுவாக."

"அப்பம் போறேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சலூனுக்கு நான்தான் கூடப் போனேன். மாவு மில்காரரின் வேட்டியும் சட்டையும் அவளுக்குப் பெரியதாக இருந்தன. கடைக்காரர் ஜடையைக் கையில் ஏந்திப் பார்த்து, "திருச்செந்தூருக்கு நேந்துகிட்ட முடியா? இதை அங்க போயில்லா எடுக்கணும்" என்றார். "இல்ல அண்ணாச்சி, இங்கனயே எடுங்க" என்றாள் கோமதி. மிச்சத்தைச் சுடுகாட்டில் மொட்டையடித்துவிடுவார்கள், ஊருக்குள் நுழைய ஜடை இல்லாமல் இருந்தால் போதும். கத்தரி ஓடும்போது கண்ணாடியைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய் நின்று அழுதேன். ஜடையை ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு போய்ச் சரசு அக்காவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனவள், நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

வடகரையில் அவளை ஆண்கள் பக்கம் ஏற்றுக்கொண்டார்கள். தோளைத் தட்டினார்கள். நான் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். யார் நீ என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அழுகிற வீட்டில் வந்தவளைக் கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். என்னையும் கட்டிக்கொண்டார்கள். பிரேதத்தின் தலைமாட்டில் கோமதியின் மதினி, அண்ணன் பெண்டாட்டி, உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. ஒரு கிழவி அங்கே உட்காரப் போனபோது, "அங்கன வேண்டாம் சித்தி, இங்கிட்டு வாங்க" என்று மதினி நகர்த்திவிட்டாள்.

நீர்மாலைக்குப் புறப்பட்டார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கோமதியிடமும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். துண்டை இடுப்பில் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு வாய்க்கால் வரைக்கும் நடந்தாள். தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது குடத்தைத் தோளில் வைத்துப் பிடிக்க வேண்டும், ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையாலேயே மூடிக்கொண்டு வந்தாள். பின்னால் பெண்கள் வரிசையில் நடந்த எனக்கு அவளுடைய முதுகு தெரிந்தது. அவளை நான் அப்படிப் பார்த்திருக்கக் கூடாது. அந்தப் பந்தலில் இருந்த யாருமே பார்த்திருக்கக் கூடாது.

மறைப்புக் கட்டி, பெண்கள் உள்ளே போனோம். மதினி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். தண்ணீர்க் குடங்கள் ஒவ்வொன்றாக வெளியிலிருந்து வந்தன. அண்ணனுடைய குடம் வந்தது. பிறகு கோமதி வந்தாள். மதினி மறைப்புச் சேலையை ஓரத்தில் தூக்கினாள். கோமதி குடத்தை நீட்டினாள். மதினி அதை வாங்கிக்கொண்டாள், ஆனால் சேலையைத் தழைக்கவில்லை. தூக்கினபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியில் யாரோ, "ஆச்சா, நேரமாவுது" என்று குரல் கொடுத்தார்கள். கோமதி திரும்பி ஆண்கள் இருந்த பக்கம் போய்விட்டாள். மதினி அதற்கப்புறம்தான் சேலையை விட்டாள். பிறகு அவளே மாமியாருக்குத் தலை தேய்த்தாள். முன்பின் தெரியாத என் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்து, "நீயும் ஊத்து தாயி" என்றாள். நானும் ஊற்றினேன்.

எடுத்துக்கொண்டு போனார்கள். கொள்ளிச்சட்டியோடு கோமதி முன்னால் போனாள். பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டேன். மதினி விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"நீதான காலையில வந்து கேட்டது?"

"ஆமாம்."

"ஏன் கேட்டீக?"

எனக்குப் புரியவில்லை. சொல்லிவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம் என்றேன்.

"எழவு வீட்டுக்குச் சொல்லிட்டா வருவாக? ஆத்தா செத்த வீட்டுக்கு மக எப்பிடி வருவா? தலைய விரிச்சுப் போட்டு, தெருவுலயே அழுதுகிட்டு ஓடியாருவா. அப்பிடி வந்திருந்தா நாங்க அத்தன பொம்பளைகளும் எந்திரிச்சு அவளக் கட்டியிருப்போம். கட்டுன பெறகு எந்த ஆம்பள வந்து பிரிப்பான்? கேட்டீகன்னா ஆம்பளைகதான் பதில் சொல்லுவாக. நான் வாயத் தொறக்க முடியுமா? அத்த எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா, 'கோமு வருவா, தலைக்கு அவதான் தேய்க்கணும்'னு. காலையிலருந்து எடத்த விட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் அழவில்லை. வாளியில் இருந்த மிச்சத் தண்ணீரை வாசலில் வீசிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கே போனாலும் அவமானப்பட்ட மனிதர்கள், எதற்கும் முன்கூட்டிக் கேட்டுப் பழகியவர்கள், அழுவதற்கும் போய்க் கேட்டோம். உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. சரசு அக்காவின் மேல் கோபம் இல்லை, அவளுக்குப் பல் போனது நிஜம். மதினி சொன்னதை அவளிடம் சொன்னபோது எழுந்துபோய், வெற்றிலைத் தட்டைக் கழுவிப் பரணில் போட்டாள். அதன் பிறகு என்னை அவள் ஓர் இடத்துக்கும் முன்னால் அனுப்பவில்லை. கோமதி அந்தச் சித்திரையில் பம்பாய்க்குப் போய்விட்டாள். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருப்பதாக ஒரு தடவை தகவல் வந்தது. அப்புறம் ஒன்றும் தெரியாது. நான் சென்னைக்கு வந்தேன், இந்த வேலையிலேயே தலை நரைத்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று பஸ்ஸில் நடந்தது.

சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு வந்தவளை அண்ணன் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. பால் தெளிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், காரியத்துக்கும் நீ அலைய வேண்டாம் என்று தெருவிலேயே வைத்துச் சொல்லிவிட்டார். கொள்ளி வைத்தாயிற்று, இனி அவள் எதற்கு? தென்காசி பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம். பெண்கள் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் இறங்கின பிறகு பின் இருக்கையில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். மதினி சொன்னதை இவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்ல வேண்டாம் என்றே முடிவு செய்தேன்.

அவளே ஆரம்பித்தாள். "மதினி சேலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னா, பாத்தியா டைப்பு?"

"பாத்தேன்."

"உள்ள வான்னுதான் நின்னா."

"தெரிஞ்சும் ஏன் கோமதி போகல?"

"கேட்டாச்சுல்லா. தம்பியா வான்னாக, வாறேன்னு சொல்லியாச்சு. நான் அந்தச் சேலைக்குள்ள நொழஞ்சுட்டா, நாளைக்கு நம்ம பிள்ளைகள்ல ஒருத்திக்கு ஆத்தா செத்து, நீ போயிக் கேட்டன்னா யாரு நம்புவா? இவளுக சொல்லுதது ஒண்ணு, செய்யிதது ஒண்ணுன்னுல்லா சொல்லுவாக."

மழை தூறத் தொடங்கியது. கண்டக்டர் வந்து பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டுப் போனார். பஸ் இலஞ்சியைத் தாண்டியது. அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ உள்ளதான இருந்த?"

"ஆமா."

"தலைக்கு யாரு தேச்சா?"

"மதினி."

"கண்ணுல சீயக்கா படாமத் தேச்சாளா? அம்மாவுக்குக் கண்ணெரிச்சல் தாங்காது."

நான் அதைக் கவனிக்கவில்லை. நெற்றியில் கையை அணை வைத்துத்தான் தேய்த்தாள், ஒரு சொட்டுக்கூடப் படவில்லை என்று சொன்னேன்.